சார், ஒரு நிமிஷம்!

போன இதழில், இரவு 2 மணிக்கு டியூட்டி டாக்டரை எழுப்பத் தயங்கும் நர்ஸைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரிக்குள் யார் யாரிடம் வாய் திறக்கலாம் என்பதைத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் ‘நிறுவனப் பண்பாடு’ என்று பெரிய பெயரில் அழைக்கிறார்கள் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம். 31 வருடம் வார்டில் நின்றவள், அதில் கடைசி 8 வருடம் நர்சிங் சூப்பரின்டென்டென்ட், இப்போது மதுரையில் ஒரு நர்சிங் கல்லூரியில் பிள்ளைகளின் ஆய்வேடுகளைத் திருத்திக்கொண்டிருப்பவள் என்கிற தகுதியில் பதில் சொல்கிறேன். டாக்டர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபம் வந்தாலும் எழுதுங்கள்.

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘மருத்துவமனையின் நிறுவனப் பண்பாடு’ என்று கைடு தலைப்புக் கொடுத்துவிட்டார். பண்பாடு என்றால் எனக்குப் பொங்கலும் கோலமும்தான் ஞாபகம் வருகின்றன. இதில் எதை ஆராய்வது?
– மாணவி, சேலம்

பதில்: கோலத்தை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது? பாடப் புத்தகமா? அம்மா போடுவதைப் பார்த்துப் போட்டிருப்பாய். இதுவும் அப்படித்தான்.

1986இல் நான் வேலைக்குச் சேர்ந்த வார்டில் நர்சிங் ஸ்டேஷனில் மூன்று நாற்காலிகள் இருந்தன. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார் என்றால் மூன்றும் காலியாகிவிடும். அவர் உட்கார மாட்டார், நாங்களும் உட்காரக் கூடாது. ஒருநாள் டிரிப் சார்ட் எழுதிக்கொண்டிருந்த நான் எழுந்திருக்க மறந்துவிட்டேன். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. இன்சார்ஜ் சிஸ்டர்தான் துணி அடுக்கும் அறைக்குள் என்னைக் கூட்டிப் போய், “உங்க வீட்ல பெரியவங்க வந்தா எந்திரிக்க மாட்டியா?” என்று கேட்டார். அவ்வளவுதான் பாடம். அடுத்த வருடம் சேர்ந்த பெண்ணிடம் அதே அறையில் நின்று அதே கேள்வியை நான் கேட்டேன். எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை.

எட்கர் ஷைன் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஒரு பேராசிரியர், நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய வருடம், 1985இல், இதைத்தான் மூன்று அடுக்காகப் பிரித்து எழுதினார். மேலே இருப்பது கண்ணில் படுவது: நாற்காலி, யூனிஃபார்ம் நிறம், யாருக்கு எந்த லிஃப்ட். நடுவில் இருப்பது வாயால் சொல்வது: வாசலில் ‘நோயாளியே எங்கள் தெய்வம்’ என்று போர்டு. அடியில் இருப்பது யாரும் சொல்லாமலே எல்லோரும் நம்புவது: பெரியவர் பேசும்போது சின்னவர் குறுக்கே பேசக் கூடாது. நடு அடுக்குக்கும் அடி அடுக்குக்கும் சண்டை வந்தால் எப்போதும் அடி அடுக்குதான் ஜெயிக்கும். உன் ஆய்வுக்குப் பொருள் அங்கேதான் கிடக்கிறது.

200 பேரிடம் படிவம் கொடுத்து வாங்கி ஓடிவிடாதே. ஒரே வார்டில் ஒரு மாதம், காலை 7 மணிக்கு, நைட் ஷிஃப்ட் பகல் ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் நேரத்தில் போய் ஓரமாக நில். யார் கேள்வி கேட்கிறார்கள், யார் கேட்காமல் தலையாட்டுகிறார்கள் என்று எழுது. பேட்டி எடுக்கும்போது ‘இங்கே பண்பாடு எப்படி?’ என்று கேட்காதே. ‘போன வாரம் டாக்டரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது என்ன?’ என்று கேள். முதல் ஆள் ‘ஒன்றுமில்லை மேடம்’ என்பாள். டீ வாங்கிக் கொடுத்த பிறகு இன்னொரு தடவை கேள்.

கேள்வி: என் மனைவியை 11 நாள் வைத்திருந்த ஆஸ்பத்திரியில் சுவர் முழுக்கத் தரச் சான்றிதழ். ஆனால் ராத்திரி மூச்சு வாங்கியபோது அந்த நர்ஸ் பெண் டாக்டரைக் கூப்பிடப் பயந்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்தச் சான்றிதழ்களுக்கு என்னதான் மதிப்பு?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

பதில்: மதிப்பு இல்லாமல் இல்லை ஐயா. ஆக்சிஜன் லைன் இருக்கிறதா, தீயணைப்புக் கருவி இருக்கிறதா, மருந்தைப் பூட்டி வைக்கிறார்களா என்பதற்கெல்லாம் அது உறுதி சொல்லும். அந்தப் பெண்ணுக்குப் போனை எடுக்கும் தைரியம் இருக்கிறதா என்பதற்குச் சொல்லாது.

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் ஆஸ்பத்திரிக் கதையை என் மாணவிகளுக்கு வருடா வருடம் சொல்கிறேன். 2005 முதல் 2009 வரை அங்கே நோயாளிகள் அழுக்குப் படுக்கையிலேயே கிடந்தார்கள், தண்ணீர் கைக்கு எட்டவில்லை, பூ ஜாடித் தண்ணீரைக் குடித்தார்கள் என்று உறவினர்கள் சொன்னார்கள். அதே காலத்தில், 2008 பிப்ரவரியில், அந்த நிர்வாகத்துக்கு ‘ஃபவுண்டேஷன் டிரஸ்ட்’ என்ற உயர்ந்த அந்தஸ்து கிடைத்தது! கணக்கு வழக்கும் இலக்குகளும் காகிதத்தில் ஒழுங்காக இருந்தன. அங்கே தாயைப் பறிகொடுத்த ஜூலி பெய்லி என்ற பெண்மணி மற்ற குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு விடாமல் போராடினார். ராபர்ட் பிரான்சிஸ் தலைமையில் விசாரணை நடந்து, 2013இல் அறிக்கை வந்தது. அதில் 290 பரிந்துரைகள். ஆஸ்பத்திரிப் பண்பாடு பற்றிய ஆராய்ச்சி அதற்குப் பிறகு அங்கே இன்னும் சூடு பிடித்தது. எதையும் ஒரு ஊழல் நாறிய பிறகுதானே ஆராய்கிறோம்.

இன்னொன்று, செக்லிஸ்ட். உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷனுக்காகத் தயாரித்த 19 வரிப் பட்டியல் அது. டெல்லி உட்பட உலகின் 8 நகரங்களில், நகருக்கு ஓர் ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். ஆபரேஷனுக்குப் பின் இறந்தவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தார்கள் என்று 2009இல் வெளியானது. உலகமே கொண்டாடியது. ஐந்து வருடம் கழித்து, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதைக் கட்டாயமாக்கிய 101 ஆஸ்பத்திரிகளின் கணக்கைப் பார்த்தால், சொல்லிக்கொள்ளும்படி ஒரு மாற்றமும் இல்லை. பட்டியல் அதேதான்!

ஏன் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் அது எப்படி நிரப்பப்பட்டது என்று பார்த்திருக்கிறேன். மறுநாள் கேஸ்கள் அத்தனைக்கும் முந்தின நாள் சாயங்காலமே, ஒரே பேனாவில், டீ குடித்துக்கொண்டே டிக். கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு வரி உண்டு. முதல் நாள் சர்ஜன் சிரித்துக்கொண்டே, “என் பேர் தெரியாதவங்க யாராவது இங்க இருக்கீங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தோம். அன்றோடு அந்த வரி செத்தது. அவர் நல்ல மனிதர், நல்ல சர்ஜனும்கூட. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தன் பெயரை வாய் திறந்து சொல்லிவிட்டால், பிறகு ஒருநாள் ‘சார், பஞ்சு ஒன்று குறைகிறது’ என்று சொல்வது கொஞ்சம் சுலபமாகும். அதற்காகத்தான் அந்த வரி என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

அடுத்த முறை யாரையாவது சேர்க்க வேண்டி வந்தால், சுவரைப் பார்க்காதீர்கள். வார்டு நர்ஸிடம், “ராத்திரி இவருக்கு முடியாமப் போனா யாரைக் கூப்பிடுவீங்க, எவ்வளவு நேரத்தில வருவார்?” என்று கேளுங்கள். பதிலைவிட முகத்தைப் பாருங்கள்.

கேள்வி: மருந்து மாறிப் போக இருந்ததை நானே கவனித்து நிறுத்தினேன். ‘இன்சிடென்ட் ரிப்போர்ட்’ எழுத வேண்டும், அதற்காக யாரையும் தண்டிக்க மாட்டோம் என்று குவாலிட்டி மேடம் வகுப்பெடுத்திருந்ததால் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மெமோ வந்தது. அடுத்த முறை எழுதவா, வேண்டாமா?
– ஸ்டாஃப் நர்ஸ், ஓசூர்

பதில்: உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதுவரை எங்கும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன்.

நான் சேர்ந்த நாலாம் வருடம், நைட் டியூட்டி. ஆன்டிபயாடிக் கலக்க டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பியூல் எடுத்தேன். உடைத்து, சிரிஞ்சில் இழுத்துவிட்டேன். ஏதோ உறுத்த, லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பொட்டாசியம் குளோரைடு. இரண்டும் அப்போது ஒரே அளவு, ஒரே மாதிரி தண்ணீர் நிறம், ஒரே ட்ரே. அதை நேராக நரம்பில் ஏற்றியிருந்தால் அந்த மனிதருடைய இதயம் நின்றிருக்கும். வாஷ்பேசினில் ஊற்றினேன், ஆம்பியூலைக் குப்பைக்கு அடியில் தள்ளினேன், கை நடுக்கம் நிற்கும்வரை பாத்ரூமில் இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

நாலைந்து மாதம் கழித்து, பேன்ட்ரியில் என் பேட்ச்காரி ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்து வார்டு. அதே ஆம்பியூல், அதே தப்பு, கடைசி நொடியில் அவளும் பார்த்துவிட்டாள். “யார்கிட்டயும் சொல்லிராதடி” என்று என் கையைப் பிடித்தாள். நான் என் கதையைச் சொன்னேன். இருவரும் சேர்ந்து அழுதோம். சேர்ந்து மறைத்தோம். அந்த ட்ரே பிறகும் பல வருடம் அப்படியேதான் இருந்தது. எங்களுக்குத் தெரியாமல் இன்னும் எத்தனை பேர் அந்த பாத்ரூமில் கை நடுங்க நின்றிருப்பார்களோ. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு 1998இல் ஒரு எச்சரிக்கைச் சுற்றறிக்கை வரிசையைத் தொடங்கியது. அதன் முதல் இதழே இந்தப் பொட்டாசியம் குளோரைடைப் பற்றித்தான், வார்டிலிருந்து அதை எடுத்துவிடுங்கள் என்று. பல வருடம் கழித்து அதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம் இல்லை, ஒருவிதமான ஆறுதல். கடல் தாண்டியும் நம்மைப் போல் நிறையப் பேர் அதே தப்பைச் செய்திருக்கிறார்கள்.

இப்போது ஆராய்ச்சிக்கு வருவோம். ஹார்வர்டில் மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்சன், 1990களின் தொடக்கத்தில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் 8 பிரிவுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக, நல்ல தலைமையோடு வேலை செய்யும் பிரிவில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கணக்குத் தலைகீழாக வந்தது. நல்ல பிரிவுகளில்தான் தவறு அதிகம்! ஆய்வே போச்சு என்று பயந்தாராம். பிறகுதான் பொறி தட்டியது: அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, அதிகம் வெளியே வருகிறது. திட்டுகிற தலைமை இருந்த பிரிவில் எல்லாம் குப்பைக்கு அடியில் போய்விட்டது, என் ஆம்பியூலைப் போல. 1999இல் அவர் எழுதிய கட்டுரை, வாய் திறந்தால் திட்டோ தண்டனையோ விழாது என்ற நம்பிக்கையைக் குறிக்கும் ‘மனப் பாதுகாப்பு’ என்ற சொல்லை எல்லா ஆஸ்பத்திரி ஆய்வுகளிலும் உட்கார வைத்துவிட்டது. இன்று இந்தத் துறையில் நீ எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் இந்தச் சொல் வராமல் போகாது. கொஞ்சம் அதிகமாகவே வருகிறது என்பது என் எண்ணம்.

ஆகவே உன் குவாலிட்டி மேடத்துக்கு இதைக் காட்டு: ‘இந்த மாதம் பூஜ்ஜியம் தவறு’ என்று போர்டில் எழுதும் வார்டைப் பார்த்துத்தான் அவர் பயப்பட வேண்டும்.

உன் பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ரடோண்டா வாட் என்ற நர்ஸ், 2017இல் மயக்கத்துக்கான மிடாசோலம் என்று நினைத்துத் தசைகளைச் செயலிழக்க வைக்கும் வெக்குரோனியத்தைக் கொடுத்துவிட்டார். நோயாளி இறந்துவிட்டார். தவறைத் தானே ஒப்புக்கொண்டவர் அவர். 2022இல் குற்றவாளி என்று தீர்ப்பானது, 3 வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு. அந்த ஊர் நர்ஸ்கள் ‘இனி யார் எழுதுவார்கள்?’ என்று தெருவில் நின்றார்கள்.

இவ்வளவும் தெரிந்தும், எழுது என்றுதான் சொல்வேன். ஆனால் எழுதுகிற விதத்தை மாற்று. ‘நான் தவறுதலாக எடுத்தேன்’ என்று ஆரம்பிக்காதே. ‘இரண்டு ஆம்பியூல்களும் ஒரே ட்ரேயில் இருந்தன’ என்று ஆரம்பி. கூட இருந்தவளையும் கையெழுத்துப் போடச் சொல். ஒரு நகலை நீ வைத்துக்கொள். மெமோவுக்குப் பதில் எழுதும்போது, தண்டனை கிடையாது என்று வகுப்பில் சொன்ன தேதியையும் குறிப்பிடு. மரியாதையாகத்தான்.

கேள்வி: தியேட்டரில் சர்ஜன் கத்துவது டென்ஷனில். கேஸ் முடிந்ததும் மறந்துவிடுகிறோம். இதையெல்லாம் பெரிதாக்கி ‘பண்பாடு’ என்கிறீர்களே, நோயாளிக்கு இதனால் என்ன கெட்டுப்போகிறது?
– இளம் அறுவை சிகிச்சை மருத்துவர், கோவை

பதில்: நீங்கள் மறந்துவிடுகிறீர்கள் தம்பி. திட்டு வாங்கியவள் மறப்பதில்லை.

என்ன கெட்டுப்போகிறது என்று இஸ்ரேலில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைக் குழுக்கள் 24. பொம்மைக் குழந்தையை வைத்துப் பயிற்சி. பாதிக் குழுக்களிடம் வெளிநாட்டு நிபுணர் ஒருவர், ‘உங்கள் நாட்டு மருத்துவம் எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை’ என்கிற தினுசில் பேசினார். கத்தவில்லை, கெட்ட வார்த்தை இல்லை, லேசான அலட்சியம் மட்டும். அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் கைவேலையிலும் மற்றவர்களைவிடத் தெளிவாகப் பின்தங்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோயின. 2015இல் வெளிவந்த ஆய்வு இது. இந்த வழியில் இப்போது ஏகப்பட்ட ஆய்வுகள் வருகின்றன.

அப்புறம், 2005இல் இங்கிலாந்தில் எலெய்ன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண் சைனஸ் ஆபரேஷனுக்குப் போனார். மயக்கம் கொடுத்ததும் மூச்சுப் பாதை அடைத்துக்கொண்டது. அனுபவமுள்ள டாக்டர்கள் மூன்று பேர் தொண்டைக்குள் குழாய் செலுத்தவே திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தார்கள். நேரம் போவது அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு நர்ஸ் கழுத்தில் துளையிடும் செட்டைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்றார். இன்னொருவர் ஐசியுவில் படுக்கைக்குச் சொல்லிவிட்டு வந்து தெரிவித்தார். டாக்டர்கள் பார்த்த பார்வையில், ‘நாம்தான் பதறுகிறோமோ’ என்று நினைத்து, போய் அந்தப் படுக்கையை ரத்தும் செய்தார். எலெய்ன் 13 நாளில் இறந்துபோனார். அவர் கணவர் மார்ட்டின் ஒரு விமானி. வழக்குக்குப் போகாமல், என்ன நடந்தது என்று ஆராயச் சொன்னார். விமானத்தில் துணை விமானி வாய் திறப்பதற்குப் பயிற்சியே உண்டு, ஆபரேஷன் தியேட்டரில் ஏன் இல்லை என்பது அவருடைய கேள்வி. 2007இல் இதற்காகவே ஒரு அமைப்பைத் தொடங்கினார்.

அந்த நர்ஸ்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அந்தப் ‘பார்வை’யை நான் அனுபவித்திருக்கிறேன், அதனால் இந்தக் கதையைச் சொல்லும்போது இன்றும் குரல் மாறிவிடும்.

உங்கள் துறைக்காரர்களைப் பற்றி இன்னும் ஒரு எண். சோர்வு என் வேலையைப் பாதிக்காது என்று சொன்ன விமானிகள் 26 சதவீதம், மூத்த சர்ஜன்கள் 70 சதவீதம். 2000ஆம் வருட ஆய்வு. நீங்கள் எந்தப் பக்கம் என்று எனக்கு எழுத வேண்டாம், உங்கள் சிஸ்டர்களிடம் கேளுங்கள்.

நான் பார்த்த ஒரு சர்ஜன், கேஸ் தொடங்கும் முன் எல்லோரிடமும் ஒன்று சொல்வார்: “நான் எங்கயாவது தப்பாப் போறேன்னு தோணுச்சுன்னா, ‘சார், ஒரு நிமிஷம்’னு சொல்லுங்க. கையை நிறுத்திடுவேன்.” யாரும் சொல்லவில்லை, ரொம்ப நாளாக. ஒருநாள் தையல் போடத் தொடங்கும்போது எண்ணிக்கையில் ஒரு மாப் (ரத்தம் ஒற்றும் துணி) குறைந்தது. சேர்ந்து மூன்று மாதமான பெண் சொன்னாள், யாருக்கும் கேட்காத குரலில். அவர் கையை நிறுத்தினார். பத்து நிமிடம் தேடியதில் மாப் வாளிக்குப் பின்னால் கிடந்தது. வயிற்றுக்குள் இல்லை. வீண் பத்து நிமிடம்! மயக்க டாக்டர் மணியைப் பார்க்கிறார். சர்ஜன், “சரி, மூடலாமா?” என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. அதற்குப் பிறகு அந்தத் தியேட்டரில் ‘சார், ஒரு நிமிஷம்’ அடிக்கடி கேட்டது.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் ‘கல்ச்சர் சர்வே’ நடத்த நிர்வாகம் சொல்லியிருக்கிறது. எந்தக் கேள்வித்தாள் சிறந்தது? சர்வேக்குப் பின் ஏற்காட்டில் இரண்டு நாள் டீம் பில்டிங் பயிற்சியும் உண்டு.
– மனிதவள மேலாளர், ஈரோடு

பதில்: கேள்வித்தாளுக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகமை 2004இல் வெளியிட்டது உலகம் முழுக்கப் புழங்குகிறது, 2019இல் புதுப்பித்திருக்கிறார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த இன்னொன்று, விமானிகளிடம் கேட்ட கேள்விகளை மாற்றி ஆஸ்பத்திரிக்கு ஆக்கியது. இரண்டில் எதை எடுத்தாலும், நம்மூரில் படிவத்தை வாங்குவது யார் என்பதுதான் விஷயம். நாங்கள் நடத்தியபோது இன்சார்ஜ் சிஸ்டர் வாங்கி, மேலோட்டமாகப் பார்த்து, அடுக்கி வைத்தார். அத்தனை பேரும் ஒரே கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். ‘முற்றிலும் உடன்படுகிறேன்.’ எதற்கு உடன்பட்டோம் என்று பலருக்கு நினைவில்லை.

சார்லஸ் ஹாஃப்லிங் என்ற மனநல மருத்துவர் 1966இல் வெளியிட்ட சோதனையைக் கேளுங்கள். முன்பின் தெரியாத ‘டாக்டர்’ போனில் கூப்பிட்டு, அஸ்ட்ரோடென் என்ற மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்வார். டப்பாவிலேயே, ஒரு நாளைக்கு 10க்கு மேல் கூடாது என்று அச்சடித்திருக்கும். (மருந்து பொய், உள்ளே வெறும் குளுக்கோஸ்.) இப்படி நடந்தால் கொடுப்பீர்களா என்று வேறு 33 பேரிடம் கேட்டபோது 31 பேர் மாட்டோம் என்றார்கள். நிஜ வார்டில் 22 பேரில் 21 பேர் எடுத்துக்கொண்டு கட்டிலை நோக்கி நடந்தார்கள். உங்கள் சர்வே அந்த 31 பேரைத்தான் காட்டும்.

1977இல் வேறு இருவர் அதே மாதிரிச் சோதனையைத் தெரிந்த மருந்தை வைத்து, சக நர்ஸ்களிடம் கலந்து பேச வாய்ப்புள்ள நிலையில் செய்தார்கள். 18 பேரில் 16 பேர் மறுத்துவிட்டார்கள். பக்கத்தில் ‘ஏண்டி, இது சரியா?’ என்று கேட்க ஒருத்தி இருந்தால் போதும் என்று நான் அர்த்தம் எடுத்துக்கொள்கிறேன். நைட் டியூட்டியில் ஒரே ஆளைப் போடாதீர்கள். ஏற்காட்டுச் செலவில் அதைச் செய்யலாம்.

ஆராய்ச்சியின் போக்கே இப்போது எண்ணுவதிலிருந்து உட்கார்ந்து கவனிப்பதற்குத் திரும்பியிருக்கிறது. பிரிட்டனின் மேரி டிக்சன்-வுட்ஸ் குழுவினர் வார்டுகளிலும் நிர்வாகக் கூட்டங்களிலும் நாள்கணக்கில் உட்கார்ந்து எழுதியதில் ஒரு பிரிவினை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓட்டை எங்கே என்று தேடி அலையும் நிர்வாகம் ஒன்று. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கேட்க ஆசைப்படும் நிர்வாகம் இன்னொன்று. உங்களுடையது எது என்று சர்வே இல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

நல்ல பண்பாடு இருக்கும் இடத்தில் நோயாளியும் நன்றாக இருக்கிறார் என்பதற்குச் சான்று நிறைய உண்டு. 2017இல் ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி பிரெய்த்வெயிட் குழு 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து அதைத்தான் சொன்னது. ஆனால் இருக்கிற பண்பாட்டை மாற்றுவது எப்படி என்று 2011இல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்புக்காகத் தேடியவர்கள், நம்பி ஒரு முடிவு சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்று கை விரித்தார்கள். கயிறு இழுக்கும் போட்டி பண்பாட்டை மாற்றும் என்று உங்களுக்கு யாராவது பவர்பாயின்ட் காட்டினால் இதை நினைவில் வையுங்கள். ஏற்காடு குளுமையாக இருக்கும், போய் வாருங்கள், அது வேறு.

கேள்வி: ஆள் போடாமல், சம்பளம் தராமல், பண்பாடு பேசுவது ஏமாற்று இல்லையா?
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: ஏமாற்றுதான். நர்சிங் ஆராய்ச்சியாளர் லிண்டா எய்கனின் குழு ஐரோப்பாவின் 9 நாடுகளில், 300 ஆஸ்பத்திரிகளில், ஆபரேஷன் செய்துகொண்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கை எடுத்து 2014இல் வெளியிட்டது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. இதை வெட்டி உங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். பெயர் வேண்டாம்.

கேள்வி: எடுத்ததற்கெல்லாம் இங்கிலாந்து, அமெரிக்கா என்கிறீர்கள். மதுரையில் உட்கார்ந்துகொண்டு நம்மூரில் சொல்ல ஒன்றும் இல்லையா?
– வாசகர், தேனி

பதில்: நியாயமான குத்து. மதுரையிலிருந்தே தொடங்குகிறேன். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசு வேலையில் ஓய்வுபெற்ற கையோடு, 11 படுக்கையில் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தில் வளைந்துபோன விரல்களோடு ஆபரேஷன் செய்தவர். 1993இலேயே ஹார்வர்டு வணிகப் பள்ளியில் அது பாடமாகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் எழுதும்போது எத்தனை ஆபரேஷன், என்ன செலவு என்றுதான் எழுதுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, கிராமத்திலிருந்து பிளஸ் டூ முடித்து வரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பார்வைப் பரிசோதனை முதல் ஆபரேஷனுக்குத் தயார் செய்வது வரை அவர்கள் கையில் விட்டது. டாக்டர் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குத் திரும்பும்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டும். வேலையின் வேகம் அந்தப் பெண்கள் கையில். இதைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களிலிருந்து இன்னும் எவ்வளவோ ஆய்வு வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று பிரசவ மரணத் தணிக்கை. தமிழ்நாடு 1990களிலேயே தாய் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கிய மாநிலம். பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் நான் போயிருந்த ஒரு மாவட்டக் கூட்டத்தில், பிரசவம் பார்த்த நர்ஸ் அத்தனை அதிகாரிகள் முன்னால் நின்று நடுங்கியதையும் பார்த்தேன். அடுத்த கூட்டத்துக்கு வந்த கேஸ் ஷீட்கள் எல்லாம் அச்சடித்தது மாதிரி அழகாக இருந்தன! பிரிட்டனில் 1952இலிருந்து பெயரை மறைத்துத்தான் இதைச் செய்கிறார்கள். கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் 2004 முதல் அதே வழியில், யார் என்று கேட்காமல், ஏன் என்று மட்டும் கேட்கிறது. தேனியிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம்தான்.

கேள்வி: எல்லோருக்கும் புத்தி சொல்கிறீர்கள். நீங்கள் சூப்பரின்டென்டென்டாக இருந்தபோது உங்களிடம் யாராவது ‘மேடம், ஒரு நிமிஷம்’ என்று சொன்னதுண்டா?
– உங்களிடம் வேலை பார்த்த ஒருத்தி

பதில்: கையெழுத்தைப் பார்த்தால் யார் என்று தெரிகிறது. சொன்னதுண்டு, ஒரே ஒரு முறை. ஐசியுவில் ரவுண்ட்ஸ். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போய், நோயாளியின் நெற்றியில் கை வைத்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா, “மேடம், ஒரு நிமிஷம். கை கழுவலீங்களே” என்றார். எட்டு பேர் நிற்கிறார்கள். “உன் வேலையைப் பாரு” என்றேன்.

கழுவினேன், உடனே இல்லை. வெளியே போய், யாரும் பார்க்காதபோது. நான் ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடமும் அவர் என்னைப் பார்த்தால் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒதுங்கி நிற்பார். வணக்கம் சொல்வார். வேறு எதுவும் சொன்னதில்லை.